தூம்பாக் கொட்டகையில் பொறி பார்த்தது

என் அப்பாவின் கல்லறைக்குப் போக எனக்குப் பயமாக இருந்தது. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பெண் பேய்க்குப் பயப்படலாம், நாய்க்குப் பயப்படலாம், கணக்கு வாத்தியாருக்குப் பயப்படலாம். பெற்ற அப்பாவுக்குப் பயப்படுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

உயிரோடு இருந்தவரை அவரிடம் எனக்குத் துளியும் பயம் இருந்ததில்லை. கல்வராயன் மலைக்கு மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றப் போகிறவர் அவர். வாரத்தில் பாதி நாள் மலை, பாதி நாள் வீடு. திரும்பி வரும்போது சட்டைப் பையில் எனக்கென்று நாலு நெல்லிக்காயாவது இருக்கும். அந்த வருஷம் பங்குனியில் மலையிலிருந்து காய்ச்சலோடு இறங்கினார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுத்திருந்தார். ஆறாம் நாள் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் எனக்கு இரண்டு வயது மூத்தவள், உலகத்தில் அவளுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "மலையில இருந்து எதுவோ ஒண்ணு உங்கப்பாவப் புடிச்சிக்கினு வந்துட்ச்சாம். அது இன்னும் போவலியாம். தூம்பா வண்டியிலயே குந்தினு கீதாம்."

தூம்பா வண்டி என்பது சவப்பெட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற நாலு சக்கர மர வண்டி. கறுப்புப் பெயிண்ட் அடித்து, முன்னால் வெள்ளையில் ஒரு சிலுவை வரைந்திருக்கும். எங்கள் ஊர்க் கோயிலுக்கு அது ஒன்றுதான். அப்பா அதில்தான் போனார். சாவு இல்லாத நாட்களில் அது கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், ஜன்னல் இல்லாத ஒரு தகரக் கொட்டகைக்குள் நிற்கும். அந்தக் கொட்டகையைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று, தியாகதுருகம் பஸ்ஸுக்குப் போகும்போதுகூட நான் ரோட்டின் அந்தப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டேன்.

இப்படியே ஏழு மாதம் ஒப்பேற்றிவிட்டேன். அதற்குள் கல்லறைத் திருநாள் வந்துவிட்டது.

நவம்பர் இரண்டாம் தேதி சாமியார் வந்து ஒவ்வொரு கல்லறையாக மந்திரிப்பார். அதற்கு முந்தைய நாள் அவரவர் கல்லறையை அவரவர் சுத்தம் செய்துவிட வேண்டும். அந்த வருஷம் ஐப்பசி மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டதில் தோட்டம் முழுக்கக் கோரையும் பார்த்தீனியமும் ஆள் மறையும் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தன. அப்பா இருந்த மேற்கு மூலையில் இன்னும் மோசம். சுவருக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளக் கொல்லை. அதன் தண்ணீரெல்லாம் இந்தப் பக்கம்தான் கசியும்.

அம்மா கருக்கரிவாளைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் தோட்ட வேலை. பைக்கின் பின்னால் ஒரு புல் வெட்டும் மிஷினைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நீளமான ஒரு குழாய், அதன் ஒரு முனையில் சுழலும் தகடு, மறுமுனையில் பெட்ரோல் இன்ஜின், தோளில் மாட்டிக்கொள்ள ஒரு வார். ஒரு நாளைக்கு மட்டும் என்று மேஸ்திரியிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தார்.

"நீ ஒண்ணும் குனிய வாணாம்க்கா. அர மணி நேரத்துல மொட்ட அடிச்சிட்றேன்" என்றார்.

வீட்டில் என்னைத் தனியாக விட அம்மாவுக்கு மனமில்லை. அப்பாவைப் பார்க்க வருகிறாயா என்று கேட்டாள். எந்த மகள் அதற்கு இல்லை என்று சொல்வாள்? மெழுகுவத்திப் பாக்கெட்டும் செவ்வந்திச் சரமும் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மதியம் சாய்ந்த நேரம். மற்றவர்கள் காலையிலேயே வந்து தங்கள் பங்கை வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தோட்டத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மேற்கே மலை மேல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

மாமா மிஷினைத் தரையில் வைத்து, ஒரு காலால் அழுத்திக்கொண்டு, கயிற்றைச் சுண்டி இழுத்தார். கர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி இழுத்தார். பத்து தடவை, இருபது தடவை. சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

"காலையில கூட ஓட்டிப் பாத்தேனே. கொண்டாந்த வழியில இன்னா ஆச்சின்னு தெர்ல."

"வுட்றா தம்பி, நான் கையாலயே அறுத்துக்கறேன்" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு அக்கா. கரண்ட் வருதான்னு மொதல்ல பாத்துட்றேன்."

இன்ஜினின் தலையிலிருந்து கறுப்பு ரப்பர் மூடியைப் பிடுங்கி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். கழற்றிய பிளக்கை மறுபடியும் மூடிக்குள் செருகி, அதன் இரும்பு உடம்பு இன்ஜினைத் தொடுகிற மாதிரி சாய்த்து வைத்தார். இப்போது கயிற்றை இழுத்தால் பிளக்கின் நுனியில் பொறி தெறிக்க வேண்டுமாம். இழுத்தார். குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"இந்த வெயில்ல வந்தாலும் தெரியாது. இருட்டு வேணும்" என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

அந்த இடத்தில் இருட்டு இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். அவர் பார்வை அங்கே போவதற்கு முன்பே நான் அம்மா பக்கம் நகர்ந்துவிட்டேன்.

"பாப்பா, நீ வா. நான் கயித்த இழுக்கும்போது என்னால குனிஞ்சி பாக்க முடியல. சின்னப் புள்ள கண்ணு, உனக்கு நல்லாத் தெரியும்."

அம்மாவைப் பார்த்தேன். அவள் அப்பாவின் தலைமாடு எது, கால்மாடு எது என்று புல்லை விலக்கித் தேடிக்கொண்டிருந்தாள்.

கொட்டகைக் கதவுக்குப் பூட்டு இல்லை, சங்கிலிதான். மாமா மிஷினைத் தூக்கிக்கொண்டு முதலில் நுழைந்தார். நான் வாசலுக்குள் ஒரு எட்டு வைத்து நின்றேன். எலிப் புழுக்கையும் பழைய மெழுகும் கலந்த ஒரு நாற்றம். என் முழங்காலுக்கு எதிரே வண்டிச் சக்கரம். அதன் ஆரத்தில் காய்ந்த சம்பங்கி மாலையின் ஒரு துண்டு சிக்கியிருந்தது. அப்பா மேல் போட்டதும் சம்பங்கி மாலைதான்.

மாமா கை நீட்டிக் கதவைச் சாத்தினார்.

அந்த இருட்டில் வண்டிப் பலகை கிறீச்சென்றது. எலியாக இருக்கலாம், மாமாவின் தோள் இடித்திருக்கலாம். பலகையில் உட்கார்ந்திருப்பது எழுந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அதற்கு அப்பாவின் முகம் இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு கண்ணைத் திறந்து வைத்திருக்க என்னால் முடியவில்லை. இமைகளை இறுக்கி மூடிக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டேன்.

"நல்லாப் பாரு." கயிறு சர்ரென்று போய் வந்தது. "தெரிஞ்சிதா?"

நான் இமைகளை இன்னும் இறுக்கினேன்.

"இன்னொரு வாட்டி இழுக்கறேன். பிளக்கு நுனியவே பாரு."

இன்னொரு வாட்டி. அதற்குப் பிறகு இன்னொன்று. இல்லை என்று சொன்னால் இழுத்துக்கொண்டே இருப்பார், இங்கேயே நிற்க வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

"வந்துச்சி மாமா" என்றேன்.

"வந்துச்சா? இன்னா கலரு?"

கலர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "செவப்பு."

"செவப்பா?" மாமா மூடியிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். "அப்ப பொறி கம்மியாத்தான் வருது. பரவால்ல, வருது இல்ல. கோளாறு பெட்ரோல் சைடுலதான்."

கதவைத் திறந்தார். நான் ஓடவில்லை, நடந்துதான் வெளியே வந்தேன் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஓடினால் கண்டுபிடித்துவிடுவார்.

என் சிவப்புப் பொறியை நம்பி மாமா ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைத்தார். காற்று போகிற பஞ்சைக் கழற்றித் தட்டினார். டேங்கைக் கவிழ்த்துப் பெட்ரோலைப் பாட்டிலில் ஊற்றி, குப்பை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். பெட்ரோல் குழாயை வாயில் வைத்து ஊதினார். திருகாணிகளைக் கழற்றிக் கழற்றி ஒரு கல்லறையின் சிமெண்ட் மேடையில் வரிசையாக வைத்தார். எல்லாவற்றையும் மாட்டி இழுத்தால், பிளக் நனைந்துகொண்டு வந்ததே தவிர இன்ஜின் வாய் திறக்கவில்லை.

"பெட்ரோலும் வருது. கரண்ட்டும் வருது. அப்புறம் இன்னா நோவு இதுக்கு?" என்று மிஷினிடமே கேட்டார்.

என்ன நோவு என்று எனக்கும் தெரியாது. ஆனால் கரண்ட் வருகிறதா என்பது இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது என்பது எனக்கு மட்டும் தெரியும். சொன்னால் மறுபடி கொட்டகைக்குள் போக வேண்டும். வாயை மூடிக்கொண்டு ஒரு சிலுவையைப் பிடித்தபடி நின்றேன்.

மலைப் பக்கம் இடி உருண்டது. அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிவாளை எடுத்தாள்.

"மழ எறங்கிடும். நீ அத ரிப்பேர் பண்ணிக்கினு இரு, நான் பாதியாவது அறுக்கறேன்."

குனிந்து, இடது கையால் கோரையைக் கற்றையாக வளைத்துப் பிடித்து அறுத்தாள். கை முழங்கை வரைக்கும் புல்லுக்குள் போய்ப் போய் வந்தது. நாலாவது கற்றையோடு ஒரு பாம்புச் சட்டை வந்தது. வெள்ளை வெளேரென்று, என் உயரத்துக்கு இருந்தது.

"பழசு" என்று சொல்லி அதைச் சுவரோரம் வீசிவிட்டு மறுபடி குனிந்தாள்.

எனக்கு அது பழசாகத் தெரியவில்லை. அவள் கைக்கு இரண்டு எட்டுத் தள்ளிப் புல்லின் அடி அசைந்தது. காற்று இல்லை. அசைவு கொஞ்சம் நின்றது, பிறகு வளைந்து அம்மா பக்கமே நகர்ந்தது. வழவழப்பாக, பழுப்பாக ஏதோ ஒரு நொடி தெரிந்து மறைந்தது.

இப்போது எழுதும்போது அந்த நொடியை வரிசைப்படுத்திச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு எல்லாம் ஒரே அடியாக வந்தது. அம்மாவைக் கடித்துவிடும். காய்ச்சல் வரும். ஆஸ்பத்திரி. பிறகு அந்தக் கதவைத் திறந்து வண்டியை வெளியே எடுப்பார்கள். நான் பொய் சொன்னதால்தான் அம்மா புல்லுக்குள் கை விட்டாள்.

"ம்மா, பாம்பு" என்று கத்தினேன். அவள் பின்வாங்குவதற்குள் மீதியும் கொட்டிவிட்டது. "நான் பாக்கல மாமா. கண்ண மூடிக்கினேன். பொறி வந்துச்சா வரலியான்னே எனக்குத் தெரியாது."

அம்மா புல்லை விட்டு விலகி வந்தாள். மாமா அரிவாளை வாங்கிப் புல்லின் அடியில் நாலு தட்டுத் தட்டினார். அது சுவரின் ஓட்டை வழியாக மக்காச்சோளக் கொல்லைக்குள் போய்விட்டது. சாரைதான் என்றார் மாமா.

அடி விழும் என்று காத்திருந்தேன். மாமா பெட்ரோல் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அப்ப செவப்பு கலர எங்க புடிச்ச?"

"கிறிஸ்மஸ் ஸ்டாருல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா சிரிக்கவில்லை. "ஏன் கண்ண மூடிக்கின?" என்று கேட்டாள்.

நான் கொட்டகையைப் பார்த்தேன். "அந்த வண்டி" என்றேன். பிறகு, "அப்பா" என்றேன்.

அம்மா அரிவாளைக் கீழே வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் ஈரமாக இருந்தது. "வா, நானும் வரேன்" என்றாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதைப் போல வலது காலை எடுத்து வைத்து நுழைந்தாள். எலிப் புழுக்கை கிடக்கிற இடத்தில் எதற்குச் செருப்பைக் கழற்றுகிறாள் என்று நினைத்தேன்.

உள்ளே மண்தரை ஊறிச் சதசதத்திருந்தது. மாமா மிஷினை வைத்தார். உட்கார இடம் தேடின அம்மா, ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, தூம்பா வண்டியின் பலகையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததோடு என்னையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் உடம்பைக் கட்டையாக்கிக்கொண்டேன். பலகை கிறீச்சென்றது. அம்மாவின் கனத்துக்குத்தான் கிறீச்சென்றது என்று இந்தத் தடவை தெரிந்தது. அவள் முந்தானையை எங்கள் இருவர் தலை மேலும் போட்டு, இன்ஜின் வரைக்கும் இழுத்து மூடினாள். கதவு சாத்தினதைவிட அது நல்ல இருட்டு.

"இழுடா" என்றாள்.

இழுத்தார். நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

"ஒண்ணும் வரலியே" என்றாள் அம்மா.

"வரல" என்றேன் நானும். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நிம்மதியாக நான் உண்மை சொன்னதில்லை.

மாமா பிளக்கின் நுனியைத் தீப்பெட்டியின் பக்கவாட்டில் தேய்த்துத் துடைத்து மறுபடி வைத்தார். அப்போதும் இல்லை. வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் புரட்டினார். கைப்பிடியில் மிஷினை நிறுத்துவதற்கு ஒரு பொத்தான். அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் குழாயோடு ஒட்டி இன்ஜினுக்குப் போகிறது. அந்த ஒயரை இன்ஜின் பக்கம் பிடுங்கிவிட்டு வந்து, "இப்பப் பாருங்க" என்றார்.

டிக் என்று ஒரு சத்தம். முந்தானை இருட்டில் நீலமாக ஒன்று வெட்டியது. எறும்புத் தலை அளவுதான். எதையும் அது வெளிச்சமாக்கவில்லை. இருந்தாலும் நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் "வந்துச்சி" என்றோம்.

"கலரு?"

"நீலம்" என்றேன்.

மாமாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பைக்கில் வைத்துக் கட்டின கயிறு, குண்டும் குழியுமான ரோட்டில் ஆடி ஆடி ஒயரின் மேல்தோலை அறுத்திருக்கிறது. உள்ளே இருக்கும் செம்பு இரும்புக் குழாயைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. பொத்தானை யாரோ அமுக்கிக்கொண்டே இருப்பது போலத்தான் அது. பொறிக்கு வேண்டிய கரண்ட்டெல்லாம் அந்த வழியே இறங்கிவிடுகிறது. டேப் இல்லை. மெழுகுவத்திப் பாக்கெட்டின் பிளாஸ்டிக் காகிதத்தைக் கிழித்து ஒயரின் மேல் சுற்றி, செவ்வந்திச் சரத்திலிருந்து நூலை உருவி இறுக்கிக் கட்டினார். ஒயரை இருந்த இடத்தில் மாட்டினார்.

வெளியே போய் இழுத்தார். முதல் தடவை இருமியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. கல்லறைத் தோட்டம் முழுக்க அந்தச் சத்தம் நிரம்பியது. சுவரில் உட்கார்ந்திருந்த கொக்குகள் கிளம்பிப் போயின. மாமா வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். கோரை வரிசை வரிசையாகப் படுத்தது. ஏழு மாதத்துக்கு முன்பு குவித்த மண்மேடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நான் நினைத்ததைவிட அது சின்னதாக இருந்தது. பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். சும்மா மண்தான்.

அம்மாவுக்கும் காட்டலாம் என்று திரும்பினால், அவள் இன்னும் வெளியே வரவில்லை. கொட்டகை வாசலுக்கு ஓடினேன். கதவு பாதி திறந்திருந்தது. அம்மா வண்டியைவிட்டு இறங்கி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பலகை மேல் குனிந்திருந்தாள். இரண்டு கையாலும் பலகையின் விளிம்பைப் பிடித்திருந்தாள். தோள்கள் குலுங்கின. சத்தம் ஏதாவது வந்திருந்தாலும் மிஷின் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது.

அம்மாவுக்கும் அந்த வண்டி என்றால் பயம் என்று நான் முடிவுகட்டினேன். என்னைத் தேற்றுவதற்காகத் தைரியமாக உட்கார்ந்துவிட்டு, இப்போது தனியாக நின்று நடுங்குகிறாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பயந்தாங்கொள்ளி நான் மட்டும் இல்லை.

மாமா வெட்டி முடித்துவிட்டார். சுவர் மூலை வரைக்கும் ஒரு புல் நிற்கவில்லை. மிஷின் சத்தத்தைத் தணித்து, கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாசலில் நான் நிற்பதையும், எனக்குப் பின்னால் யாரும் வராததையும் பார்த்திருப்பார். மழைத்துளி பெரிது பெரிதாக விழ ஆரம்பித்தது. மாமா சத்தத்தை மறுபடி ஏற்றினார். வெட்டின இடத்துக்கே போய், ஒன்றும் இல்லாத தரை மேல் மிஷினை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டிருந்தார். தகட்டில் மண்ணும் சிறு கல்லும் அடிபட்டுத் தெறித்தன.

இரவல் மிஷின், மழை வேறு, புல்லே இல்லாத இடத்தில் பெட்ரோலை வீணாக்குகிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்தது. போதும் மாமா என்று வாசலிலிருந்தே கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, செருப்பை மாட்டும் வரைக்கும் அவர் நிறுத்தவில்லை. ரிப்பேர் செய்த பெருமை இன்னும் அடங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மெழுகுவத்திப் பை நனைவதற்குள் அதை எடுக்கப் போனேன்.